ஐந்து மில்லிமீட்டர் ஆசாரம்

மேசைமேல் இரண்டு படைகள் அணிவகுத்து நிற்கின்றன. இன்னும் ஒரு பகடைகூட உருளவில்லை. அதற்குள் எதிரே இருப்பவர் குனிந்து என் காப்ளின் என்ற குட்டிப்பூதப் பொம்மைகளில் ஒன்றை எடுக்கிறார், தலைகீழாகத் திருப்பி அடியில் ஏதாவது பெயர் பொறித்திருக்கிறதா என்று தேடுகிறார். "இது அசல் இல்லையே?" மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரின் முகம் அது. அசல் இல்லைதான். காப்ளின் என்று ஒரு பிராணியே உலகத்தில் இல்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டைவிரலில் பாதி உயரத்துக்கு, ஏறக்குறைய 28 மி.மீ. அளவில், பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ செய்த வீரர்கள். அவர்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, நூறு நூற்றைம்பது பேராகச் சேர்த்தால் ஒரு படை. நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடுவதுதான் ஆட்டம். இதில் புகழ்பெற்றது இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிடும் வார்ஹாமர். அதை ஆடுகிறவர்களிடையே வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: விதிப்புத்தகம் போட்ட கம்பெனியின் பொம்மைதான் படை, மற்றதெல்லாம் காசில்லாதவன் செய்யும் சமாளிப்பு. புதிதாக வருகிற பையன் பெட்டிகளின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு விதிகளின் சிக்கல் காரணமல்ல, இந்த நம்பிக்கைதான் காரணம்.

இதை மரபு என்கிறார்கள். மரபு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோமே. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோது அவர் படை கடையில் வாங்கிய குழந்தைகளின் ஈயச் சிப்பாய்கள். வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கிதான் ஆயுதம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்து பையில் போட்டு மலிவாக விற்ற பிளாஸ்டிக் விலங்குகளை மேசையில் வைத்து ஆடினார். என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத அந்த உருவங்களிலிருந்துதான் ஆந்தைக்கரடியும் இரும்பைத் தின்னும் துருப்பூதமும் பிறந்தன. இன்று அதே ஆந்தைக்கரடி 'அதிகாரபூர்வ' முத்திரையோடு நல்ல விலைக்குப் போகிறது. சில்லறைக் காசுப் பொம்மைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

வார்ஹாமரின் பிறப்பும் இப்படித்தான். பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் 1983இல் வெளியிட்ட முதல் பதிப்பு மூன்று சிறு புத்தகங்கள். வியாபார நோக்கம் இருந்தது, மறுக்கவில்லை. கதையாட்டம் ஆடுகிறவர் நாலைந்து பொம்மையோடு நிறுத்திக்கொள்வார், படை நடத்துகிறவர் நூறு வாங்குவார் என்பது கணக்கு. ஆனாலும் வீட்டிலிருக்கும் எந்தப் பொம்மையையும் வைத்து ஆடலாம் என்றுதான் அந்த விதிகள் அமைந்தன. 1987இல் விண்வெளிக்கான வார்ஹாமர் 40,000 வந்த காலத்தில், காலியான டியோடரன்ட் டப்பாவிலிருந்து மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று இதே கம்பெனி சொல்லிக்கொடுத்தது. குப்பைக்கூடையிலிருந்து எடுத்த டப்பாவை ஏற்றுக்கொண்ட மேசை, இன்று பக்கத்துத் தெருக் கம்பெனியின் குள்ளனை ஏற்க மறுக்கிறது.

இடையில் என்ன நடந்தது? கம்பெனி பெரிதாயிற்று. உதிரித் தோள்கவசங்களும் வேறு உறுப்புகளும் செய்து விற்ற சாப்டர்ஹவுஸ் என்ற சிறு நிறுவனத்தின் மீது அது தொடுத்த வழக்கில் 2013இல் சிகாகோவில் தீர்ப்பு வந்தது. சில கோரிக்கைகளில் வென்றது, சிலவற்றில் தோற்றது. கிடைத்த இழப்பீடு 25,000 டாலர். பொம்மை வெளியிடாத வீரனுக்கு விதியும் எழுதுவதில்லை என்ற நடைமுறை அதன்பிறகுதான் இறுகியது. அவர்கள் கடையில் அவர்கள் பொம்மைதான் என்பது அவர்கள் உரிமை. ஹோட்டலுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுவராதே என்ற பலகை போல. அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டுபோய் நம் வீட்டுச் சமையலறையில் மாட்டுவானேன் என்பதுதான் என் கேள்வி.

"தரம்?" என்பார்கள். பெர்ரி இரட்டையர்கள், மைக்கேலும் ஆலனும், பல ஆண்டுகள் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல் பிரிவுக்குச் சிற்பம் செய்தவர்கள். 1996இல் ஒரு பழம்போர் நடிப்பு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்த மைக்கேல், இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டார். அவர்கள் சொந்தமாக நடத்தும் நிறுவனத்தின் ரோஜாப் போர்க் காலாட்படைப் பெட்டியில் 40 பேர் இருக்கிறார்கள். அதே விரல்கள் செய்த உருவம், பெட்டிமேல் பெயர் மாறியதும் தரம் கெட்டுவிடுமா? இன்னொன்று. வார்ஹாமரின் 'எம்பயர்' வீரர்கள் அணியும் கீறிவிட்ட புடைத்த சட்டைக்கை, இறகுத் தொப்பி, இரு கையால் ஓங்கும் வாள் எல்லாமே 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கூலிப்படையான லான்ஸ்க்நெக்ட்டிடம் வாங்கியவை. அதே ஆட்டத்தின் பிரெட்டோனியா நாடு ஆர்தர் கதையில் ஊறவைத்த இடைக்காலப் பிரான்ஸ். ஆக, வரலாற்று வீரர்களின் பெட்டியை வாங்கிப் பிரெட்டோனியப் படை கட்டுகிறவன் போலியை வாங்கவில்லை. மூலத்துக்குப் போகிறான்.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளமாட்டேன்: எது எது என்று தெரியாமல் ஆடமுடியாது. நியாயம். "இந்தக் கோக் மூடிதான் டிராகன், நேற்று வில்லாளியாக இருந்தவர்கள் இன்று ஈட்டிக்காரர்கள்" என்று ஒருவர் ஆரம்பித்தால் நானும் எழுந்து போய்விடுவேன். ஆனால் தாயம் ஆடுகையில் ஒருவருக்குப் புளியங்கொட்டை, இன்னொருவருக்கு உடைந்த வளையல் துண்டு. யாருடையது எது என்று பார்த்ததும் தெரிந்தால் ஆட்டம் நடக்கும். இங்கேயும் அவ்வளவுதான். முதலில் அடித்தட்டு. வீரன் நிற்கும் சதுரத்தின் அளவு விதிப்படி இருக்க வேண்டும், ஏனென்றால் எத்தனை பேர் முன்வரிசையில் நின்று வெட்டலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. அடுத்து நிழலுருவம்: மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் குள்ளன் குள்ளனாக, வில் வில்லாகத் தெரிய வேண்டும். மலிவான, சற்றே சிறிய 1/72 அளவுப் பொம்மைகளை 28 மி.மீ. ஆட்களோடு கலந்தால் அப்பாவோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் போலிருக்கும். ஒரு படை முழுவதும் 1/72 என்றால் கண்ணை உறுத்தாது. (அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் வண்ணம் பூசினால் உதிரும்.) பில் பார்க்கர் பிறரோடு சேர்ந்து 1991இல் எழுதிய 'ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ்' விதிகளில் படை என்பது வெறும் 24 புள்ளி, பத்துப் பன்னிரண்டு தட்டுகள். மேண்டிக் நிறுவனத்தின் 'கிங்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்தில் வீரர்களை ஒவ்வொருவராக எடுப்பதே இல்லை. அணி முழுவதும் ஒரே தட்டில் ஒட்டியிருக்கலாம். 'ஓத்மார்க்' என்ற ஆட்டத்தின் பெட்டி ஒன்றில் 30 காப்ளின்கள். இப்படி மிச்சம் பிடித்த காசை நடுவில் நிற்கும் தளபதிக்குக் கொட்டுங்கள், கண் போகிற இடம் அதுதான்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பொம்மையை அச்செடுத்துக் கள்ள வார்ப்பு விற்பது திருட்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேறொரு சிற்பி சொந்தமாகச் செய்த காப்ளினைக் காசு கொடுத்து வாங்குவது வேறு. "கம்பெனி நொடித்துப் போகுமே" என்ற கவலையும் வேண்டாம். 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது.

அசலை வாங்கியவர்களுக்காவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2015இல் கம்பெனி அந்தப் பழைய வார்ஹாமர் உலகத்தைக் கதையிலேயே வெடித்துச் சிதறவிட்டு, வட்டத் தட்டில் நிற்கும் புது ஆட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது வருடம் சேர்த்த சதுரத்தட்டுப் படைகள் ஒரே நாளில் அநாதை. அவற்றில் பலவற்றுக்கு அடைக்கலம் கொடுத்தது 'கிங்ஸ் ஆஃப் வார்', அதாவது பொம்மை எங்கே வாங்கினாய் என்று கேட்காத ஆட்டம். 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் பழைய உலகம் திரும்பி வந்தபோது, மனிதக் காலாட்களின் தட்டு 20 மி.மீ.யிலிருந்து 25 ஆகியிருந்தது. அசலிலும் அசலான பழைய படைகள் இப்போது விதிக்குப் பொருந்தவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? வீரர்களுக்கு நடுவே இடைவெளி விடும் தட்டங்களை வாங்கினார்கள், பலர் முப்பரிமாண அச்சில் தாங்களே செய்துகொண்டார்கள். எதிராளியும் புன்னகையோடு "பரவாயில்லை, ஆடலாம்" என்கிறார்.

என் காப்ளினைத் தலைகீழாகப் பிடித்தவரின் படையும் அப்படியொரு தட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.