அணை நிறைந்திருக்கிறது, ஆற்றில் இறங்கலாமா?

கேள்வி: ஆடி 18 அன்று குடும்பத்தோடு மேட்டூர் போகிறோம். முனியப்பனுக்குச் சேவல் அறுத்து, பூங்காவில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வர எண்ணம். ‘காவிரியில் ஒரு முழுக்காவது போடணும்’ என்கிறார் அம்மா. அணைக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் முழங்கால் அளவு தண்ணீர்தானே ஓடுகிறது? பிள்ளைகளையும் இறக்கலாமா?
- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், கண்ட இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நம் ஊர் ஓடையில் வெள்ளம் வருமென்றால் மேலே மேகம் கறுக்கும், தண்ணீர் கலங்கும். அணைக்குக் கீழே அந்த அடையாளம் எதுவும் இருக்காது. மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். அங்கே கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிறைந்தால், உபரி நீர் பிலிகுண்டுலு வழியாக மேட்டூருக்கு வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

1934-ல் கட்டி முடித்த இந்த அணையின் முழு மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் தேக்க இடமில்லை. வருகிற தண்ணீரை அப்படியே வெளியேற்றியாக வேண்டும். 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அணை நிறைந்த செய்தியைக் கேட்டதும்தான் நாமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறோம். ஆற்றில் இறங்க அதைவிட மோசமான நாள் கிடையாது.

‘10,000 கன அடி திறப்பு’ என்று பேப்பரில் படிக்கிறோம். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 23-ஐ ஒவ்வொரு விநாடியும் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் அது.

அணை நிறையாத நாளிலும் கவனம் வேண்டும். டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர் மின் நிலையங்கள் வழியாகவும் வெளியேறுகிறது. திறப்பைக் கூட்டினால் ஆற்றின் மட்டமும் ஏறும். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் நனையும்போதுதான் தெரியும். அதற்குள் கரைக்கும் பாறைக்கும் இடையே இழுப்பு வந்திருக்கும். பாசி வழுக்கும். முழங்கால் ஆழத்துக்குப் பக்கத்திலேயே ஆள் முழுகும் குழி இருக்கும். வேகமாக ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழமே பெரியவர்களைக் கூடச் சாய்த்துவிடும்.

எனவே இப்படிச் செய்யுங்கள்:

* கிளம்பும் அன்று காலையில் நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் செய்தியில் பாருங்கள். மட்டம் 120-ஐ நெருங்கி, வரத்தும் கூடினால் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். பூங்காவோடு திரும்புங்கள்.

* அதிகாரிகள் அனுமதித்த படித்துறையில் மட்டும் குளியுங்கள். தடை போட்டிருந்தால் வாதாட வேண்டாம். அங்கேயும் அம்மா படியில் உட்காரட்டும், நீங்கள் செம்பில் மொண்டு ஊற்றுங்கள். தலையில் விழுவதும் அதே காவிரிதான்.

* பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பெரியவர் கரையில் இருக்கட்டும். மது குடித்தவரை நம்பி ஒப்படைக்காதீர்கள்.

* சங்கு ஊதினாலோ, ஒலிபெருக்கியில் அறிவித்தாலோ துணிமணி, பாத்திரத்தை எடுக்க நிற்காமல் மேடேறுங்கள்.

* யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடக்கிறது. கயிறு, வேட்டி, மூடி போட்ட காலி கேன் எதையாவது வீசுங்கள். 112-க்குப் பேசுங்கள்.

ஆற்றங்கரையில் வயல் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். ‘உபரி நீர் திறப்பு’ என்று தண்டோரா போட்டால், அன்று இரவே மோட்டாரைக் கழற்றி மேட்டில் வையுங்கள். ஆற்றோரம் கட்டியிருக்கும் ஆடு மாடுகளை அவிழ்த்து வாருங்கள்.

திரும்பும்போது பழைய துணியையும் பிளாஸ்டிக்கையும் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே ஒருவர் நாற்றங்கால் விட்டிருக்கிறார்.