வேலைக்குச் சமயச் சீட்டா?

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் வேலை கேட்டு நிற்கும் இளைஞனிடம் "நீ எக்கோயிலைச் சேர்ந்தவன்?" என்று வாயிலிலேயே வினவினால் தமிழர் கொதித்தெழ மாட்டாரா? அவ்வினாவை யாழ்ப்பாணத் தமிழர் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தனர். 1658இல் அங்கு வந்தேறிய ஒல்லாந்தர்க்கு அவர்தம் சீர்திருத்தத் திருச்சபையே அரசின் திருச்சபை. திருமுழுக்குப் பெறாதவனுக்கு அரசு அலுவல் இல்லை. திருமணம் திருச்சபைப் பதிவேட்டில் ஏறாவிடின் பிள்ளைகளின் சொத்துரிமைக்கே இடர். சிவநெறியார் பலர் பெயரளவில் முழுக்கேற்றனர். வீட்டுக்குள் தம் நெறி காத்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு யாழ்ப்பாணம் மாறிக் கட்டாயம் தளர்ந்ததும் பெரும்பாலோர் பழைய நெறிக்கே மீண்டனர். வயிற்றுக்காகப் பூண்ட சமயம் வேறென்ன செய்யும்? (அவ்வாங்கிலேயரும் தம் நாட்டில் அரசு அலுவலர்க்குத் திருச்சபைச் சான்று கேட்கும் சட்டத்தை 1828 வரை ஏட்டில் வைத்திருந்தவரே!)

இன்று திருச்சபை அரியணையில் இல்லை. வினாவோ தில்லியின் வாயில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, சேரியிற் பிறந்தவன் கிறித்தவனாயின் பட்டியலினத்தார்க்குரிய வேலை ஒதுக்கீட்டை இழக்கிறான். சீக்கியர்க்கு 1956இலும் புத்த நெறியார்க்கு 1990இலும் திறந்த கதவு அவனுக்குத் திறக்கவில்லை. அவன் குடியிருக்கும் சேரி மாறிற்றா? கல்லறையிலும் அவனுக்குத் தனி மூலை ஒதுக்கிய ஊர்களைத் திருச்சபைகளே அறியும். 2023இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் கோரித் தீர்மானம் நிறைவேற்றியும் தில்லி அவ்வாணையைத் திருத்தவில்லை.