டி.சி. கொடுத்து அனுப்பிட்டா கஞ்சா ஒழிஞ்சிடுமா?

மூணு மாசமா இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன். மல்லாட்டை விலை, உப்பு விலை, கழுவெளிக்கு வர்ற பறவைங்கன்னு எழுதிட்டு இருந்தவன் திடீர்னு கஞ்சா பத்தி எழுதினா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். ஆனா இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் மத்தவங்களைத் திட்டறேன்.

தை மாசம் ஒருநாள். மும்முனை கரண்ட் வந்துச்சுன்னு மோட்டார் போடப் போனேன். கொட்டாய்க்குள்ள இருந்து புகை. ஒயர் தான் கருகுதுன்னு ஓடினேன். உள்ளே மூணு பசங்க, யூனிபார்மோட. ஒன்பதாவது படிக்கிறவனுங்க. நாத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு அது பீடி இல்லன்னு. அதுல ஒருத்தன் போன சித்திரையில அவங்க அம்மாவோட எங்க காட்டுக்கு மல்லாட்டை ஆய வந்தவன். மத்தியானம் என் தட்டுல இருந்து ஊறுகா எடுத்துச் சாப்பிட்ட புள்ள.

கையில கிடைச்ச பைப்பால ரெண்டு போட்டேன். அதோட விட்டிருக்கணும். விடல. நேரா வண்டியை எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயி மூணு பேரு பேரையும் சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன், ஊருக்கு ஏதோ நல்லது பண்ண மாதிரி.

அடுத்த வாரம் மூணு வீட்லயும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஒருத்தன் அப்பா ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு. இன்னொருத்தனுக்குப் பேச ஒரு மாமா இருந்தாரு. ரெண்டு பேரும் "இனிமே இப்படி நடக்காது"ன்னு எழுதிக் கொடுத்துட்டு வகுப்புக்குப் போயிட்டானுங்க. மூணாவது பையனுக்கு அப்பா இல்ல. அம்மா உப்பளத்துல உப்பு வாருறவங்க. அவங்ககிட்டயும் ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. சாயங்காலம் அதோட நகலை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. "அண்ணா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சு சொல்லு"ன்னாங்க.

குடும்பச் சூழ்நிலை காரணமாக மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுதான் எழுதியிருந்துச்சு.

கஞ்சாங்கிற வார்த்தையே அந்தக் காகிதத்துல இல்ல. பையனைத் துரத்தினாங்கன்னும் இல்ல. அவங்க அம்மாவே கேட்டு வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. நாளைக்கு யாராவது அதிகாரி வந்து "உங்க பள்ளிக்கூடத்துல கஞ்சா பிரச்சனை உண்டா"ன்னு கேட்டா, "இல்லீங்க"ன்னு பதிவேட்டையே எடுத்துக் காட்டலாம்.

இதை ஒரு பள்ளிக்கூடத்து மேல சொல்ற புகாரா எடுத்துக்காதீங்க. அதனாலதான் பேரைச் சொல்லல. கடலோரத்துல மட்டும் இல்ல, எங்க பசங்க மாட்டினாலும் இதுதான் வைத்தியம்னு ஆகிப்போச்சு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தது. எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் புள்ளையையும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு அதுல 16-வது பிரிவு சொல்லுது. ஒன்பதாவதுல கால் வெச்சதும் அந்தக் காப்பு போயிடுது. பசங்க கூட்டு சேர்றது, முதல் தம் இழுக்கிறது எல்லாம் ஆரம்பிக்கிற வயசும் அதுதான். எப்ப கை பிடிக்கணுமோ அப்பத்தான் கையை விடறோம்.

"ஒரு கெட்ட பழம் கூடையையே கெடுத்துடும், மத்தப் பசங்களைப் பாக்க வேணாமா?"ன்னு ஒரு வாத்தியார் என்கிட்ட கேட்டாரு. பெத்தவங்க பயமும் இதுதான். அந்த பயத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா சார், அதே கொட்டாய்ல இருந்த மத்த ரெண்டு பழமும் இப்ப அதே கூடையிலதானே இருக்கு? அதுங்க கெடுக்காதா? அப்ப நீங்க எடுத்துப் போட்டது கெட்ட பழத்தை இல்ல, கேக்க ஆள் இல்லாத பழத்தை.

வெளியே வந்தவன் என்ன ஆவான்னு யோசிக்கணும். உப்பு சீசன்ல அவங்க அம்மா விடியக்காலம் நாலு மணிக்குப் பாத்திக்குப் போயிடுவாங்க. வெயில் ஏறினா உப்பு மேல நிக்க முடியாது, கண்ணு கூசும், காலு வெடிக்கும். திரும்பி வரும்போது உடம்புல உசுரு இருக்காது. பள்ளிக்கூடம் இருந்தப்பவாவது ஒம்போதுல இருந்து நாலு வரைக்கும் புள்ள எங்க இருக்கான்னு தெரிஞ்சுது. இப்ப அந்த ஏழு மணி நேரமும் யாருக்கு? பொட்டலம் விக்கிறவனுக்குத்தான். அவனுக்கு வேண்டியதும் இதுதான்: வேலை இல்லாத, பயம் போன, போலீசுக்குச் சந்தேகம் வராத சின்னப் பையன்.

இந்த இடத்துல உங்ககிட்ட ஒண்ணு பேசணும், நகரத்து நண்பர்களே. கோவிச்சுக்காதீங்க.

அந்தப் பையனை ஒருநாள் உக்கார வெச்சுப் பொறுமையாக் கேட்டேன், எப்படிடா ஆரம்பிச்சுதுன்னு. ஈ.சி.ஆர். ஓரத்துல சனிக்கிழமை சாயங்காலம் கார் வந்து நிக்கும். "தம்பி, இங்க எங்க கிடைக்கும்?"னு கேப்பாங்க. வாங்கிட்டு வந்து கொடுத்தா நூறு ரூபா. அவங்க அம்மா உப்பு வாரி அரை நாள்ல சம்பாதிக்கிறதை இவன் அரை மணி நேரத்துல பாத்துட்டான். ரெண்டு மூணு வாட்டி வாங்கிக் கொடுத்தவன் நாலாவது வாட்டி தனக்கும் கொஞ்சம் எடுத்து வெச்சுக்கிட்டான். அவ்வளவுதான் கதை.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 78: போதைப்பொருளை விக்கவோ, எடுத்துக்கிட்டு வரவோ ஒரு சிறுவனைப் பயன்படுத்தினா 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். கார்ல உக்காந்துக்கிட்டு "தம்பி"ன்னு கூப்பிட்டவருக்கும் அது பொருந்தும். அவரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊரு போயிச் சேந்து, திங்கக்கிழமை "கிராமத்துப் பசங்க கெட்டுப் போயிட்டாங்க"ன்னு ஸ்டேட்டஸ் போடுவாரு.

அதுக்கு முந்தின பிரிவு 77-ஐயும் படிச்சுப் பாருங்க. சிறுவனுக்குச் சாராயம், போதைப்பொருள் கொடுத்தா மட்டும் இல்ல, புகையிலைப் பொருள் கொடுத்தாலும் அதே 7 வருஷம். கூல் லிப்னு ஒரு சின்னப் பை வருதே, உதட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டு வகுப்புல உக்காந்திருந்தா வாத்தியாருக்கே தெரியாது. மாணவர்கள்கிட்ட அது பரவுறதைப் பாத்து 2024-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுப் பேசுச்சு. கஞ்சாவுக்கு முன்னாடி நிக்கிற வாசப்படி அது. இந்தப் பிரிவுல எங்க ஊரு பெட்டிக்கடைக்காரர் யாரும் உள்ள போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

சில பேரு வேற மாதிரி பேசுவாங்க. "அது மூலிகைங்க, சித்தருங்களே சொல்லியிருக்காங்க, வெளிநாட்ல எல்லாம் சட்டப்படி விக்கிறாங்க." சரி. கனடாவுல 2018 அக்டோபர்ல சட்டபூர்வமாக்கினாங்க. அதே சட்டத்துல, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வித்தா 14 வருஷம் வரைக்கும் ஜெயில்னும் எழுதியிருக்காங்க. பெரியவங்க என்ன பண்றாங்கங்கிறது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நான் பேசறது பதினாலு வயசுப் பையனைப் பத்தி. மூளை இருபது வயசு தாண்டியும் வளந்துக்கிட்டே இருக்குதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்த நேரத்துல தினம் இழுத்தா முதல்ல ஞாபகம் போகும், அப்புறம் எதுலயும் அக்கறை போகும். சில பேருக்கு மனநோயே வரும். ஸ்வீடன்ல பட்டாளத்துக்கு எடுத்த 45,000 பேரை வருஷக்கணக்கா கவனிச்சு 1987-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 18 வயசுக்குள்ள அம்பது தடவைக்கு மேல இழுத்திருந்தவங்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது மத்தவங்களை விட ஆறு மடங்கு. எல்லாருக்கும் வரும்னு அர்த்தம் இல்ல. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, அதுதான் பயம்.

இன்னொரு பக்கம், "எல்லாப் பசங்களும் கஞ்சா தான்"னு சொல்றதும் பொய். எய்ம்ஸ் மருத்துவமனையை வெச்சு மத்திய அரசு எடுத்த கணக்கு 2019-ல வெளியாச்சு. 10-ல இருந்து 17 வயசுக்குள்ள கஞ்சா வகையைத் தொட்டவங்க நாட்டுல ஏறக்குறைய 20 லட்சம் பேரு. நூத்துக்கு ஒண்ணு கூட வராது. ஒயிட்னர், பஞ்சர் ஒட்டுற பசை மாதிரி மோந்து பாக்கிற போதையில 30 லட்சம் பேரு. அதைப் பத்தி எந்தப் பெத்தவங்க பயப்படறாங்க? கஞ்சான்னா போலீசு, மானம் போயிடும். பசைன்னா அது கடையில விக்கிற சாமான்.

போலீசு ஒண்ணும் பண்ணலன்னும் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர்ல 'கஞ்சா வேட்டை', 2022 மார்ச்சுல அதோட 2.0-ன்னு பிடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. சரக்கு வர்றது பெரும்பாலும் ஆந்திரா ஒடிசா எல்லை மலையில இருந்து. ஒரு கிலோவுக்குள்ள இருந்தா சிறிய அளவு, ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. 20 கிலோவைத் தாண்டினா வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் குறையாது. கடைசியில எங்க ஊரு வரும்போது அது பத்து கிராம் பொட்டலம். மாட்டறவனும் பத்து கிராம் ஆளுதான்.

2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள்ல போதைக்கு எதிரா உறுதிமொழி எடுத்தாங்க. இந்தப் பையனும் கையை நீட்டிச் சொல்லியிருக்கான். இப்ப அதுல ஒரு வரி கூட அவனுக்கு ஞாபகம் இல்ல.

எங்க கடலோரத்துக்கு அரசாங்கம் ஓடி வந்த நாள் ஒண்ணு உண்டு. 2023 மே மாசம், எக்கியார்குப்பத்துல மெத்தனால் கலந்த சாராயம். எங்க பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் சேத்து இருபதுக்கும் மேல செத்துப் போனாங்க. முதலமைச்சரே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. செத்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு கள்ளக்குறிச்சியில அறுபதுக்கும் மேல. ஒரே நாள்ல பொணம் விழுந்தாத்தான் நமக்கு அது சாவு. ஒரு பையன் ஒன்பதாவதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போனா அதுக்குக் கணக்கு இல்ல. "குடும்பச் சூழ்நிலை"ன்னு ஒரு வரியில முடிஞ்சுபோகுது.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல புள்ள மாட்டினா ரெண்டே வழி: அடிச்சுத் தோலை உரிக்கிறது, இல்ல மூடி மறைக்கிறது. போலீசுக்குத் தெரிஞ்சா வாழ்க்கையே போச்சுன்னு பயம். அந்த பயம் பாதி தேவையில்லாதது. சின்ன அளவோட மாட்டின 18 வயசுக்குக் கீழ உள்ள பையன் மேல சாதாரணமா எஃப்.ஐ.ஆர். போடக் கூடாதுன்னு விதி இருக்கு. அவன் பேரு, படம் எதையும் வெளியிடக் கூடாது. அடிமையானவங்க தானா முன்வந்து வைத்தியத்துக்குப் போனா, சின்ன அளவுக்கு வழக்குல இருந்து விலக்கு உண்டுன்னு போதைப்பொருள் சட்டத்துலயே 64-ஏ பிரிவு சொல்லுது. போன் எண் வேணும்னா 14446, மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண். காசு கேக்க மாட்டாங்க.

பைப் எடுத்து அடிச்ச நானே இதைச் சொல்றேன். அடிக்கு அவன் பயப்படல. "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத மாமா"ன்னு தான் அழுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நான் அவன்கூட உக்காந்திருக்கணும். நான் வண்டியை எடுத்தேன்.

இப்ப அவன் உப்பு மூட்டை தூக்கறான். பங்குனியில முண்டியம்பாக்கம் மனநலப் பிரிவுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன், ரெண்டு வாட்டி. டாக்டரு திட்டல. "படிக்கணும்னு இருக்கா?"ன்னு கேட்டாரு. இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "ஆமா"ன்னான். இடையில ஒருநாள் திரும்ப இழுத்தான், அதையும் அவனே வந்து சொன்னான்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. எட்டாவது வரைக்கும் இருக்கிற காப்பை பன்னெண்டாவது வரைக்கும் நீட்டுங்க. போதைன்னு மாட்டின பையனுக்கு டி.சி. கொடுக்கறதா இருந்தா உண்மையான காரணத்தை எழுதிக் கொடுங்க, கீழ தலைமை ஆசிரியரே கையெழுத்துப் போடட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கையெழுத்து எதுக்கு? பையனைப் பிடிக்கிற அன்னைக்கே அவனுக்குக் கொடுத்தவனையும் 77-லயும் 78-லயும் தேடுங்க.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். அவனையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு நானும் போகப் போறேன், ஒன்பதாவதுலயே திரும்பச் சேக்கச் சொல்லி. யாரு பேரைக் கொடுத்தனோ அவனுக்கு ஜாமீனா நானே நிக்கிறேன்னு எழுதிக் கொடுக்கத் தயார். இதைப் படிக்கிறவங்கள்ல கல்வித்துறையில வேலை பாத்தவங்க யாராவது இருந்தா, டி.சி. வாங்கின பையனை அதே பள்ளிக்கூடத்துல சேக்க யாருக்கு எப்படி மனு எழுதணும்னு சொல்லுங்க. இந்த வாட்டி மனுவை நானே எழுதி, அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாப் படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.