உரிமக் கட்டணம் இல்லை, பராமரிப்பவர்?

திறமூல மென்பொருள் இந்திய ஆய்வு நிறுவனங்களுக்குப் புதிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002இலேயே ஈபிரிண்ட்ஸ் மென்பொருளைக் கொண்டு தன் ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்தை நிறுவியது. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் நடுவண் அரசின் கொள்கை வந்ததோ 2015இல்தான். தேர்வு சரியானதே. ஆனால் உரிமக் கட்டணம் இல்லாததைச் செலவே இல்லாததாக நிதிக்குழுக்கள் எண்ணிவிடுகின்றன.

ட்ரூபலை எடுத்துக்கொள்வோம். 2011இல் வந்த அதன் 7ஆம் பதிப்புக்கும் 2015இல் வந்த 8ஆம் பதிப்புக்கும் இடையே அடித்தளமே மாறிவிட்டது. அந்த மாற்றம் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றதன்று, வீடு மாறுவது. 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதற்கும் முன்பு, 2014 அக்டோபரில் ஒரு பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யப்படாத தளங்களை ஊடுருவப்பட்டவையாகவே கருத வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஏழு மணி நேரம்! ஒரு கோப்பு அடுத்த மேசைக்குச் செல்லவே அது போதாது.

இப்பணியைப் பல இடங்களில் ஒப்பந்தத் திட்ட உதவியாளரோ, கணினி தெரிந்த ஆய்வு மாணவரோ கூடுதல் சுமையாகச் செய்கிறார். திட்டம் முடிந்ததும் அவர் போய்விடுகிறார். எழுதிவைக்கப்படாத அமைவுக் குறிப்புகளும் அவரோடு போய்விடுகின்றன. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் உருவாக்க இயலாதெனில், ஒரே நகரத்து நிறுவனங்கள் நான்கைந்து சேர்ந்தேனும் ஒரு பொதுக் குழுவை அமர்த்தலாம்.