முயல் வேண்டுமா? முதலில் லாயம் கட்டுங்கள்!



செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் வாரச்சந்தை. ஆடு விற்பவர்களும் வாங்குபவர்களும் விடியும் முன்பே கூடிவிடுவார்கள். கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு முடித்தவன். சுறுசுறுப்பான பையன்.

திரும்பும் வழியில் ஒருவர் சாலையோரம் கம்பிக்கூண்டு வைத்திருந்தார். உள்ளே நாலைந்து வெள்ளை முயல் குட்டிகள், பஞ்சு உருண்டைகளைப் போல! அவ்வளவுதான். பையன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

"மாமா, ஒரு ஜோடி வாங்கலாம் மாமா! அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்!"

எனக்கு அந்தக் குட்டிகளைப் பார்த்ததும் பாவமாகத்தான் இருந்தது. மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் அவை எல்லாம் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நான் வாங்கவில்லை. பையனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவே இல்லை!

மூன்றாம் நாள் வந்து, "ஏன் மாமா வேண்டாம்னீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். முயலே வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. முயலைப் பார்த்த நிமிடத்தில் வாங்கக் கூடாது என்பதுதான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே ஒரு முயலைக் கொன்றவன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிருஷ்ணகிரி மலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பையன்களோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு புல் புதரில் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி முயல். தனியாக, அசையாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா முயலைக் காணோம். 'ஐயோ, அநாதைக் குட்டி' என்று சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பசும்பால் கொடுத்தேன். அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது.

அது அநாதையே இல்லை என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் சின்னப் பள்ளம் செய்து அதில் பதுங்கும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடம்பு முழுக்க ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். தாய் முயல் பகலெல்லாம் குட்டியின் பக்கத்திலேயே வராது. வந்தால் நரியும் நாயும் மோப்பம் பிடித்துவிடுமே! இருட்டிய பிறகு வந்து, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அன்று இரவு அந்தத் தாய் வந்து, வெறும் பள்ளத்தைத்தான் பார்த்திருக்கும்.

ஆகவே செஞ்சி மலைகளைச் சுற்றி இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வேண்டுகோள்: பிடரியில் கறுப்புத் திட்டோடு காணப்படும் அந்தப் பழுப்பு முயல் வீட்டுப் பிராணி அல்ல. அதைத் தொடாதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று பழமொழி சொல்வோமே, அந்தப் பிடிவாதம் இந்த விஷயத்தில் வேண்டாம்!

கடையில் விற்கிற வெள்ளை முயல் வேறு இனம். அதன் முன்னோர்கள் ஐரோப்பாவில் ஸ்பெயின் பக்கத்து முயல்கள். மனிதர்கள் பல நூறு ஆண்டுகளாக வளர்த்துப் பழக்கியவை. இதன் குட்டிகள் பிறக்கும்போது ரோமமே இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. வீட்டில் வளர்ப்பதென்றால் இதைத்தான் வளர்க்க வேண்டும்.

ஆனால் எந்த வீட்டில்? அங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது.

செஞ்சி வந்திருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். ஊரைச் சுற்றிலும் குவித்து வைத்தாற்போல் பாறைகள். சித்திரை, வைகாசியில் அந்தப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரியெல்லாம் அனலாகத் திருப்பித் தரும். நமக்கு வியர்க்கிறது, விசிறிக்கொள்கிறோம். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி அந்த நீளமான காதுகள்தான். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 35 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் நம் தமிழ்நாட்டில் முயல் பண்ணை வைத்திருக்கும் இடம் எது தெரியுமா? கொடைக்கானல் மலையில் இருக்கும் மன்னவனூர்! ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் ஊர்.

அதற்காக சமவெளியில் முயல் வளர்க்கவே முடியாது என்று இல்லை. முதலில் இடம் தயாராக வேண்டும். இதில் நமக்கு நல்ல முன்மாதிரி செஞ்சிக் கோட்டையே. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை என்று பெருமைப்படுகிறோம். ராஜகிரி அடிவாரத்தில் போய்ப் பாருங்கள். குதிரை லாயம் இருக்கிறது. யானைக்குளம் இருக்கிறது. தானியக் களஞ்சியம் இருக்கிறது. ராஜா தேசிங்கின் குதிரையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் குதிரைகளெல்லாம் நிற்க நிழலும், குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் வெறும் வீரத்தால் ஓடியிருக்குமா?

உங்கள் முயலுக்கும் ஒரு லாயம் வேண்டும். தகரக் கூரையும், மொட்டை மாடியும் கூடவே கூடாது. வேப்பமர நிழலோ, காற்றோட்டமான தாழ்வாரமோ நல்லது. முயல் நாலு தாவு தாவும் நீளத்துக்கும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கும் கூண்டு இருக்கட்டும். முழுக்கக் கம்பித் தரையாக இருந்தால் பாதம் புண்ணாகிவிடும். பலகையோ, காய்ந்த புல்லோ போடுங்கள். ஒரு பழைய மண்பானையைப் படுக்க வைத்து, சுற்றி ஈரமணல் போட்டால் அதைவிடக் குளுகுளு அறை கிடையாது! மதியத்தில் கூண்டின் மேல் ஈரக் கோணிச்சாக்கு போடலாம். கதவுக்குச் சும்மா கொக்கி போதாது, நல்ல தாழ்ப்பாள் வேண்டும். செஞ்சிக் குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன! கோட்டைக்கு வருபவர்களின் பையையே திறந்து பார்ப்பவை அவை.

முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காது கொதித்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் குளிர்ந்த தண்ணீரால் காதுகளை நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்படியே அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. கார்ட்டூன் பார்த்துப் பார்த்து முயல் என்றால் கேரட் என்று முடிவு கட்டிவிட்டோம். உண்மையில் கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி. வாரத்தில் ஓரிரு சின்னத் துண்டு போதும். அதன் சோறு, குழம்பு எல்லாமே புல்தான். பச்சைப் புல், காய்ந்த புல் இரண்டும் வேண்டும். அறுகம்புல், வேலிமசால் எல்லாம் விரும்பித் தின்னும். பூச்சிமருந்து அடித்த வயல் ஓரத்தில் மட்டும் அறுக்காதீர்கள். புல் ஏன் அவ்வளவு முக்கியம்? முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல்! புல்லை மென்று மென்று தேய்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடக்கும். பிஸ்கட், முறுக்கு, சாக்லெட் எதுவும் கூடாது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. தப்பாகத் தின்றது உள்ளேயேதான் கிடக்கும்.

இன்னொரு வேடிக்கை. முயல் தன் புழுக்கையிலேயே ஒரு வகையைத் தின்னும். "சீ!" என்று விரட்டாதீர்கள். அது மென்மையான தனிப் புழுக்கை. முதல் தடவை சேராத சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. மாடு அசை போடுவதைப் பார்த்து நாம் "சீ" என்கிறோமா?

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவதைச் சினிமாவில் மந்திரவாதி செய்வார். நீங்கள் செய்யவே கூடாது. அதன் பின்னங்கால் பலமானது, முதுகெலும்பு மெல்லியது. பயந்து உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்கி ஒரு கை. அதற்கும் மேலாக, தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுவாக மடிக்கு வரட்டும். பல முயல்களுக்குத் தூக்குவதே பிடிக்காது. நாய்க்குட்டி மாதிரி குழைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாய்க்குட்டியே வளர்க்கலாம், தப்பில்லை. வீட்டில் நாலு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்கள் பெரியவர்களாகும் வரை பொறுங்கள் என்பேன்.

சரி, 'ஜோடி' விஷயத்துக்கு வருகிறேன். முயல் கூட்டமாக வாழும் பிராணி, துணை வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கினால்? நான்கைந்து மாதத்தில் பெரிதாகிவிடும். 31 நாளில் ஆறேழு குட்டிகள். குட்டி போட்ட மறுநாளே தாய் மறுபடி சினையாக முடியும்! கணக்கு போட்டுப் பாருங்கள், நோட்டில் இடம் போதாது. அதனால், சேர்ந்தே வளர்ந்த இரண்டு பெண் குட்டிகள் நல்லது. விற்பவர் சொன்னார் என்று நம்பிவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். குட்டிப் பருவத்தில் ஆண், பெண் அடையாளம் பெரியவர்களையே ஏமாற்றும்.

முயல்கள் பெருகிவிட்டால் சிலர் என்ன செய்கிறார்கள்? "காட்டில் விட்டால் சுதந்திரமாக இருக்கும்" என்று மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். இதைவிடக் கொடுமை இல்லை. பச்சைப் புதரில் ஒரு வெள்ளை முயல்! எந்தப் பருந்துக்குத் தெரியாது? கீரியும் தெரு நாயும் பொழுது சாயும் வரைகூடப் பொறுக்காது.

சில நாடுகளில் கதை தலைகீழாகவும் போயிருக்கிறது. 1859-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டையாடி விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்து விட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் முயல்! பயிரும் மேய்ச்சல் நிலமும் பாழாயின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை வேலி கட்டினார்கள். மொத்தம் 3,200 கிலோமீட்டருக்கும் மேல். நம் இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, ஏறக்குறைய அவ்வளவு வேலி! அப்படியும் முயல்கள் தாண்டிவிட்டன.

கடைசியாக ஒரு கணக்கு. இதைத்தான் பையனிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 10 வருடம் வரை இருக்கும். நீங்கள் இப்போது ஆறாம் வகுப்பு என்றால், அது போகும்போது நீங்கள் கல்லூரியில் இருப்பீர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நாளன்றும் அதற்குப் புல் வேண்டும். தாத்தா ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? "அம்மா பார்த்துப்பாங்க" என்பது பதில் இல்லை, குட்டீஸ்! அம்மாவிடம் கேட்டீர்களா?

எல்லாருமாகப் பேசிச் சரி என்று முடிவானால் வாங்குங்கள். மார்கழி, தை மாதம் உத்தமம். வெயில் வருவதற்குள் முயலுக்கு வீடு பழகிவிடும். எட்டு வாரம் ஆகாத குட்டி வேண்டாம், அது இன்னும் தாயோடு இருக்க வேண்டிய குட்டி. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குட்டிதான் அழகு என்று நினைக்காதீர்கள். வளர்ந்த முயலை யாராவது வைத்துக்கொள்ள முடியாமல் கொடுத்தால், என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்துவிடுமே! மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள், முயல் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அது. மூக்கில் ஒழுகல் இல்லாமல், காதுக்குள் செதில் இல்லாமல், பின்பக்கம் சுத்தமாக, முன்பற்கள் நேராக இருக்க வேண்டும்.

பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தை மாசத்துக்கு இன்னும் எத்தனை நாள் மாமா?" என்றான்.

இப்போது அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கூண்டு பாதி எழும்பிவிட்டது. அப்பாதான் ஆசாரி. அம்மா ஒரு உடைந்த பானையைக் கொடுத்திருக்கிறார். தினம் சாயங்காலம் புல் அறுத்து வந்து, பழக்கத்துக்காக எதிர் வீட்டு ஆட்டுக்குப் போடுகிறான். ஆடு நன்றாகக் கொழுத்துவிட்டது. பெயர் விஷயத்தில்தான் அவனுக்கும் அக்காவுக்கும் சண்டை ஓயவில்லை. அவன் 'தேசிங்கு' என்கிறான். இரண்டும் பெண் முயலாயிற்றே என்கிறாள் அக்கா.