கோமகனும் தூரிகையும்

கலை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டதென்று ஓதுவோரை, கம்பர்லாந்துக் கோமகன் வில்லியத்தின் படங்களைப் பார்க்க அழைக்கிறோம். இரண்டாம் ஜோர்ஜ் மன்னனின் மகனான இவன், ஓவியர் டேவிட் மோரியரின் தூரிகையிலே செஞ்சட்டையணிந்து குதிரைமீது கம்பீரமாக வீற்றிருக்கிறான். 1745இல் பொந்தனோயிலே பிரெஞ்சுப் படையிடம் தோற்றவன் இவனே என்பதை அக்குதிரை சொல்லாது!

1746 ஏப்ரல் 16இல் ஸ்கொத்லாந்தின் கலொடன் வெளியில் யாக்கோபியக் கிளர்ச்சியாளரை இவன் முறியடித்தான். (அக்கிளர்ச்சியும் அரியணைப் போட்டியே, அதற்கு நாம் கொடிபிடிக்கவில்லை.) மோரியர் அப்போரையும் தீட்டினார்: வாளும் ஈட்டிமுனைத் துப்பாக்கியும் நேருக்குநேர் மோதுகின்றன. போர் ஓய்ந்தபின் களத்திற் குற்றுயிராய்க் கிடந்தோரைக் கொன்றதும், மலைநாட்டவரின் குடிசைகளைக் கொளுத்திக் கால்நடைகளைக் கவர்ந்ததும் எங்கே? 'கசாப்புக்காரன்' என்னும் பெயர் இவனுக்கு அதனாலன்றோ வந்தது! அவற்றைத் தீட்ட மோரியருக்குத் திறமை இல்லாமற் போகவில்லை. அவருக்குப் படியளந்தவன் இக்கோமகனே.