காக்கைக்குக் கல் எடுத்தோம், மயிலுக்கு எதை எடுப்பது?



நாற்று பாவினதில் இருந்து களத்துல நெல்லு அள்ளுற வரைக்கும் நம்ம வயக்காட்டுல எத்தனை வாய் தின்னுது என்று யாராவது கணக்கு எடுத்ததுண்டா? உர விலைக்குக் கணக்கு இருக்கு. கூலிக்குக் கணக்கு இருக்கு. கூட்டுறவு சங்கத்துக் கடனுக்கு வட்டி சகிதம் கணக்கு இருக்கு. இதுக்கு மட்டும் கணக்கே கிடையாது.

நம்ம பாட்டன் காலத்தில் தொல்லை என்றால் காக்கையும் கிளியும் குருவியும்தான். சோளக்காட்டில் பரண் போட்டு, கவண்கல் வீசி, தகரத்தைத் தட்டி, செத்த காக்கை ஒன்றைக் கம்பில் தொங்கவிட்டு வெள்ளாமையைக் காப்பாற்றினார்கள். தொங்குவதைப் பார்த்தால் ஊர்க் காக்கை எல்லாம் கூடிக் கத்தும், பிறகு ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் தலை வைக்காது. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் முழுகிவிட்டு அதே காக்கைக்குத்தான் முதல் சோறும் வைத்தோம். கும்பிடவும் செய்தோம், விரட்டவும் செய்தோம். யாரும் நம்மைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை.

சட்டமும் அன்று ஒத்துக்கொண்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் அட்டவணையில் காக்கை, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி எல்லாம் தீங்கு செய்யும் உயிர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். இனி எந்த விலங்கையாவது தீங்குயிர் என்று அறிவிக்க வேண்டுமானால் 62-ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்க வேண்டும். டெல்லியில் இருக்கிறவருக்கு மேக்கரை எங்கே இருக்கு, வடகரை எங்கே இருக்கு என்று தெரியுமா?

சரி, காக்கையை விடுங்கள். இன்றைக்கு நம்ம வயித்தில் அடிக்கிறது மயிலும் காட்டுப்பன்றியும். மலையடிவாரத்தில் தென்னை வைத்தவனுக்கு யானையும் சேர்ந்துக்கிடுது.

மயில் 1963-இல் தேசியப் பறவை ஆனது. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பண்பொழி திருமலைக்கோவில் முருகனுக்கு வாகனம் என்று நாமும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது பூச்சியைத் தின்னும், பாம்புக்குட்டியைத் தின்னும், அதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் விதைத்த மறுநாள் விடியக்காலம் பத்துப் பதினைந்து மயில் இறங்கி நிலக்கடலை விதையைக் கிளறினால் என்ன செய்வது? பால் பிடிக்கிற நெல்லை உருவுது. தக்காளியை முழுசாகத் தின்றாலும் மனசு ஆறும், ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகுது. கொத்தின பழம் கூடையில் நாலு கிடந்தால் மார்க்கெட்டில் கூடை முழுக்கவும் விலை இறங்கும். சேலை கட்டிப் பார்த்தாச்சு, கேசட் நாடா கட்டிப் பார்த்தாச்சு, வெடி போட்டும் பார்த்தாச்சு. முதல் மூணு நாள் ஓடும். நாலாம் நாள் நம்ம கட்டின சேலை மேலேயே உட்கார்ந்து அகவுது. காக்கைக்கு இருந்த பயம் இதுக்குக் கிடையாது.

மயில் ஏன் பெருகியது? நரி குறைந்துபோச்சு, கீரி குறைந்துபோச்சு, முட்டையைத் தின்ன ஆள் இல்லை. குளத்தங்கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்குது, அதுதான் அதுக்கு அரண்மனை. அந்த முள்ளை வெட்டி எடுக்க வேண்டியது விவசாயியின் பொறுப்பா?

சட்டத்தில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். 11-ஆம் பிரிவில், நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் அந்த விலங்கை வேட்டையாட தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி கொடுக்கலாம் என்று இருக்கிறது. அது இரண்டாம் அட்டவணைக்குத்தான். முதல் அட்டவணை உயிர் என்றால் மனுஷ உயிருக்கே ஆபத்து வர வேண்டும், இல்லை அது தீராத நோயில் கிடக்க வேண்டும். பயிர் போனதெல்லாம் காரணமே இல்லை. மீறிக் கை வைத்தால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பொறுக்க முடியாமல் விஷம் கலந்த நெல்லைத் தூவிவிட்டு ஜெயிலுக்குப் போன விவசாயிகளைப் பத்தி பேப்பரில் படித்திருப்பீர்கள். நாம் அதை ஆதரிக்கவில்லை. அவுட்டுக்காய் வைப்பதையும், கம்பியில் திருட்டுக் கரண்ட் விடுவதையும் ஆதரிக்கவில்லை. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற நம்ம பிள்ளையே அதில் விழுந்து சாகும். ஆனால் ஒரு விவசாயியை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேட்கிறோம்.

பன்றிக்கு வழி பிறந்துவிட்டது என்று 2025 ஜனவரியில் சொன்னார்கள். காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடும், 1 கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக்கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. மேக்கரையிலும் புளியரையிலும் கண்ணுப்புளிமெட்டிலும் காடு முடிகிற வரப்பில் வயல் ஆரம்பிக்குதே! எங்கே தொல்லை அதிகமோ அங்கே சட்டம் கையைக் கட்டிக்கொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2022-லேயே ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆரியங்காவு தாண்டினால் ஒரு நியாயம், செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயமா?

மயிலைக் கொல்ல அனுமதி கொடு என்று நாம் கேட்கவில்லை. தேசத்துக்கே சொந்தமான பறவை என்றால் தீனிச் செலவையும் தேசமே ஏற்கட்டும் என்கிறோம். குற்றால சீசனுக்கு வருகிறவர்களும், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூவுக்கு நடுவே நின்று போட்டோ எடுக்கிறவர்களும் மயிலைப் பார்த்து சந்தோஷப்படட்டும், வேண்டாமென்றா சொல்கிறோம்? அந்தச் சந்தோஷத்துக்கு நாம் ஒருத்தன் மட்டும் ஏன் டிக்கெட் எடுக்கணும்?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் வனவிலங்கு சேதத்தையும் 2026 காரீஃப் முதல் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்று பட்டியல் கொடுப்பது மாநில அரசின் பொறுப்பு. அந்தப் பட்டியலில் தென்காசி மாவட்டம் இருக்க வேண்டும், யானை பன்றியோடு மயிலும் இருக்க வேண்டும். இதுதான் நம்ம முதல் கோரிக்கை. காட்டோர வயலுக்கு அரசுச் செலவில் சோலார் வேலி வேண்டும், பன்றிக்குப் போட்ட கிலோமீட்டர் கணக்கை அடிவார ஊர்களுக்கு மாற்றி எழுத வேண்டும் என்பதும் கூடவே இருக்கிறது.

அந்தக் காப்பீட்டில் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் இடத்தோடு எடுத்த போட்டோவை ஆப்பில் ஏற்ற வேண்டும். நம்மில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் சங்கத்து இளைஞர் ஒருவர் போட்டோ எடுக்கும் பொறுப்பை ஏற்கணும். இன்றே ஆரம்பியுங்கள். எந்தத் தேதி, எத்தனை சென்ட், என்ன பயிர், எது தின்னது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நோட்டையும், சிட்டா அடங்கல் நகலையும், கொத்தின தக்காளி ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. கூடையை மேசை மேல் வைத்துவிட்டுப் பேசுவோம்.